இருநூற்றுப் பதினேழாம் வீடு

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிடுவாயோ என்று பயந்து, உன் முகவரியை அலுவலக அச்சில் எடுத்து ஒட்டியிருக்கிறேன். பிரித்துவிட்டாய் என்றால் என் தந்திரம் பலித்துவிட்டது. கோபித்துக்கொள். ஆனால் படித்துவிடு.

அப்பா போனபோது பார்த்தோம், பேசவில்லை. அதற்கும் ஏழு வருடம் ஆகிவிட்டது. நாம் கடைசியாகப் பேசி பதினைந்து வருடம். அத்தான் முட்டி வலியோடு மாடி ஏறுகிறார் என்று பெரியம்மா மகள் சொன்னாள். கீழ் வீட்டுக்கு மாறலாமே.

வேலை விஷயமாகத்தான் எழுதுகிறேன். நம் வீட்டு வருகைத் திட்டத்தில் சேர்ந்த அறுநூறு குடும்பங்களின் குழந்தைகளுக்கும் இப்போது பதினாறு வயது. அவர்களை மறுபடியும் தேடிப் போய்ப் பார்க்கிறோம். எப்படி வளர்ந்திருக்கிறார்கள், படிக்கிறார்களா, அம்மாக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று. இந்தத் துறையில் இவ்வளவு நீண்ட ஆய்வு அதிகம் கிடையாது. நான் ஓய்வு பெறுவதற்குள் இதை முடித்துவிட வேண்டும்.

ஏறக்குறைய எல்லோரையும் கண்டுபிடித்துவிட்டோம். இருநூற்றுப் பதினேழாம் எண் குடும்பம் கிடைக்கவில்லை. அவர்கள் இருந்த மூன்று மாடிக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். உனக்கு அவர்கள் இருக்கும் இடம் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தெரிந்தால் எழுது.

ஒரு குடும்பம் விட்டுப்போனால் ஆய்வு நின்றுவிடாது. உதவியாளர்கள் "கிடைக்கவில்லை" என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகத் தயாராக இருக்கிறார்கள். நான்தான் அந்த எண்ணைத் தாண்டிப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் தங்கை


மார்ச் 15

டைரக்டர் அம்மாவுக்கு,

தபால்தலையை இவ்வளவு கோணலா ஒட்டற ஆள் நம்ம வீட்டுல நீ ஒருத்திதான். அச்சடிச்சா மட்டும் தெரியாதா? தெரிஞ்சுதான் பிரிச்சேன்.

அத்தான் முட்டியை அத்தான் பார்த்துக்குவார்.

நீ கேட்டது தெரியும். சொல்ல மாட்டேன். உனக்கு அவ ஒரு எண். எனக்கு அவ பேர் தெரியும், அதை உனக்கு எழுதப் போறதில்லை.

பெரிய பெரிய மேடையில ஏறி ஏறி உனக்கு மறந்திருக்கும், அதனால ஞாபகப்படுத்தறேன். பிரசவ வார்டுல நல்ல வேலையில இருந்தவளை, "நீ வந்தா மத்த பொண்ணுங்களுக்கும் தைரியம் வரும் அக்கா"ன்னு கெஞ்சிக் கூட்டிட்டு வந்தது நீ. வாரம் ஒரு தடவை கர்ப்பிணி வீட்டுக்குப் போகணும், குழந்தை பிறந்து ரெண்டு வயசு ஆகற வரைக்கும் போகணும், தாய் பேசறதைக் கேட்கணும், பிள்ளையை எப்படித் தூக்கறது, எப்படிக் குளிப்பாட்டறது, அழுதா என்ன பண்றதுன்னு பக்கத்துல உட்கார்ந்து காட்டணும். அவ்வளவுதான் வேலை. என் வாழ்க்கையில நான் செஞ்ச நல்ல வேலை அதுதான்.

அந்தக் கட்டடத்துல மூணாவது மாடி வீடு என் பட்டியல்ல இருந்துச்சு. நீ தேடற ரெண்டாவது மாடி வீடு இல்லை. ரெண்டு பேரும் ஒரே நாள் ஒரே படிவத்துல கையெழுத்துப் போட்டவங்க. உன் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டதுல ஒருத்திக்கு நான் கிடைச்சேன், இன்னொருத்திக்கு ஒரு நன்றிக் கடுதாசி கிடைச்சுது. நான் படியேறும்போதெல்லாம் ரெண்டாவது மாடிக் கதவு பாதி திறந்திருக்கும். உள்ள பிள்ளை கத்திக்கிட்டே இருக்கும். ஒரு நாள் அவ வெளிய வந்து, "எனக்கு எப்போ வருவீங்க?"ன்னு கேட்டா. தலை சீவி நாலு நாள் ஆகியிருக்கும். சட்டைப் பொத்தான் மாத்திப் போட்டிருந்தா. நான் உள்ள போனேன். பத்தொன்பது வாரம், புதன்கிழமை புதன்கிழமை போனேன்.

உன்கிட்ட மறைக்கத் தெரியாத முட்டாள் நான். அந்த வீட்டுக்குப் போனதையும் அதே நோட்டுல எழுதி வச்சேன். நீ எடுத்துப் பார்த்தே. உன் ரூமுக்குக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டாம நிக்க வச்சுப் பேசினே. "இனி அந்த வீட்டுக்குப் போகக் கூடாது. ஏன் வரலைன்னும் சொல்லக் கூடாது. சொன்னா அதுவும் ஆய்வைக் கெடுக்கும்." அப்புறம் என்னை வேலையிலிருந்து எடுத்தே. கூடப்பிறந்தவளை நிக்க வச்ச அந்த ரூமோட ஜன்னல்ல எத்தனை கம்பின்னு நான் இன்னைக்கும் சொல்லுவேன்.

நாப்பத்திரண்டு நாள் கழிச்சு அந்தப் பிள்ளை காலுல கொதிக்கிற தண்ணி கொட்டினது உனக்குத் தெரியுமா தெரியாதா? அதை மட்டும் எழுது. மத்தது எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா


மார்ச் 22

அக்கா,

தெரியும்.

அதை மட்டும் எழுது என்றாய். எழுதிவிட்டேன். ஆனால் அதோடு நிறுத்தினால் அது பொய்யைவிடக் கொஞ்சம்தான் மேல்.

குலுக்கலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை. அப்போது நம்மிடம் இருந்த ஆட்களை வைத்து முந்நூறு வீடுகளுக்குத்தான் போக முடியும். யாருக்கு என்று நான் கைகாட்டியிருந்தால் அதுதான் அநியாயம். போன வீடுகளையும் போகாத வீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், இந்த வருகையால் பிள்ளைகளுக்கு நிஜமாகவே நன்மை உண்டா என்று தெரியும். தெரிந்தது. இன்று எத்தனையோ ஊர்களில் தாய்மார்களின் கதவை யாரோ ஒருத்தி வந்து தட்டுகிறாள். அதை நீயும் மறுக்க மாட்டாய்.

இவ்வளவும் உண்மை. இதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் இத்தனை வருடம் ஓட்டினேன்.

நீ மட்டும் இல்லை அக்கா. உன் நோட்டைப் பார்த்த பிறகு மற்ற பணியாளர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். இன்னும் நான்கு பேர் அப்படிப் போயிருந்தார்கள். மாடிப்படியில் அழுகையைக் கேட்டு, கடைத்தெருவில் கையைப் பிடித்துக் கேட்டதால், எப்படியோ. உன்னையும் சேர்த்து ஒன்பது வீடுகள். இதை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நிதி தந்தவர்கள் ஆய்வையே நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். அவர்கள் நான்கு பேரையும் எச்சரித்து வைத்துக்கொண்டேன். உன்னை மட்டும் அனுப்பினேன். உன்னை வைத்துக்கொண்டிருந்தால் தினமும் உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். சொந்த அக்கா என்பதற்காகச் சலுகை காட்டவில்லை என்று எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். நானும் கேட்டுக்கொண்டேன்.

காயம் பற்றிய படிவம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் மேசைக்கு வந்தது. எண் 217, பெண் குழந்தை, ஒன்பது மாதம், இடது கால், வெந்நீர். வருகை இல்லாத குடும்பம் என்று ஓரத்தில் குறித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டீ ஆறிப்போனது. பிறகு கீழே சுருக்கொப்பம் போட்டு அடுத்த தட்டில் வைத்தேன்.

எங்கள் அறிக்கையில் ஒரு அட்டவணை உண்டு. எல்லோரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். முதல் இரண்டு வருடங்களில் வீட்டில் காயம்பட்ட குழந்தைகள்: வருகை இருந்த வீடுகளில் ஒன்பது, இல்லாத வீடுகளில் இருபத்து மூன்று. நான் பேசப் போகும் இடத்திலெல்லாம் அந்த இரண்டு எண்களையும் திரையில் போடுவேன். கை தட்டுவார்கள். அந்த இருபத்து மூன்றில் ஒன்று நான் உண்டாக்கியது. நீ புதன்கிழமை புதன்கிழமை போய்க்கொண்டிருந்திருந்தால் அந்தக் காயம் நடந்திருக்குமா என்று தெரியாது. ஆனால் நடந்திருக்காது என்று சொல்லித்தானே ஊர் ஊராகத் திட்டத்தை விற்றேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தங்கை


ஏப்ரல் 6

பொடிசுக்கு,

உன் கடுதாசியைப் படிச்சுட்டு ரெண்டு நாள் உன்னைத் திட்டினேன். மூணாவது நாள் திட்டு தீர்ந்துபோச்சு. அப்புறம் என் முறை வந்துச்சு.

அப்பா போன அன்னைக்கு நீ வாசல்ல செருப்பைத் தேடிக்கிட்டு நின்னே. யாரோ அதைத் தள்ளித் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி விட்டிருந்தாங்க. எனக்குத் தெரியும். சொல்லலை. நீ வெறுங்காலோட போய் காருல ஏறினே. எவ்வளவு திருப்தியா இருந்துச்சு தெரியுமா? நான் அப்படிப்பட்டவதான். என்னை ரொம்ப நல்லவளா நினைச்சுக்காதே.

நீ போகாதேன்னு சொன்னே. சரி. என்னை வேலையை விட்டும் எடுத்துட்டே. அதுக்கப்புறம் உன் பேச்சை நான் ஏன் கேட்கணும்? எந்தச் சட்டம் என்னைத் தடுத்துச்சு? அந்தத் தெரு எங்க வீட்டுலேர்ந்து ரெண்டு பஸ் நிறுத்தம். ஒரு புதன்கிழமை சாயங்காலம் சும்மா போய், "வேலை போயிடுச்சும்மா, இனி வர முடியாது"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகலை. உன் மேல இருந்த கோவத்தை மடியில கட்டிக்கிட்டு வீட்டுல உட்கார்ந்திருந்தேன். பார், நான் சொன்னேன்ல, என்னை எடுத்தா என்ன ஆகுதுன்னு பார்னு மனசுக்குள்ள உன்னோட சண்டை போட்டுக்கிட்டே இருந்தேன். அந்தச் சண்டையில அவ எனக்கு மறந்தே போனா. கடைசி நாள் அவ என்கிட்ட ஒண்ணு சொல்லியிருந்தா. அது தெரிஞ்சும் நான் போகலை.

காயம் பட்டதை மூணாவது மாடிக்காரி சொன்னா. பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து நேரா குழந்தைகள் காப்பகத்துக்குக் கொண்டு போயிட்டாங்க, பதினாலு மாசம் கழிச்சுத்தான் திருப்பிக் கொடுத்தாங்கன்னும் அவதான் சொன்னா. அப்பவும் போகலை. இப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறதுன்னு ஆயிடுச்சு.

நான் இப்ப ஒரு கிளினிக்குல தடுப்பூசி போடறேன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். மூணு வருஷம் முன்னாடி பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு ஊசி போடற அன்னைக்கு வரிசையில அவ நின்னா, பக்கத்துல அவ உசரத்துக்கு ஒரு பொண்ணு. என்னைப் பார்த்தா. வரிசையை மாத்திப் போய் அந்தப் பக்கம் நின்னுக்கிட்டா. அன்னைக்குப் பதிவேட்டைத் திறந்து முகவரியை எழுதி எடுத்துக்கிட்டேன். அது தப்பு. எடுத்தும் போகலை, அது அதை விடத் தப்பு.

இப்ப போகலாம்னு நினைக்கிறேன். ஆனா ஒரு நிபந்தனை. உன் படிவத்தை எடுத்துக்கிட்டு நான் அவ வாசலுக்குப் போக மாட்டேன். நான் போனா உண்மையைச் சொல்லத்தான் போவேன். அவகிட்ட சொல்ற உண்மை உன் ஆபீஸுக்குத் தெரியாத உண்மையா இருக்கக் கூடாது. அவகிட்ட மட்டும் ரகசியமா மன்னிப்பு கேட்டுட்டு, மேடையில போய் அதே இருபத்து மூணைப் போட்டுக்கிட்டு நிக்கறதுன்னா, என்னை விட்டுடு.

முதல்ல நீ சொல்லு. அப்புறம் நான் போறேன்.

அக்கா


ஏப்ரல் 29

அக்கா,

சொல்லிவிட்டேன்.

எட்டு நாள் இழுத்தடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் எழுதுவேன், வார்த்தை சரியில்லை என்று அழிப்பேன். ஒன்பதாம் நாள், வார்த்தைக்காக இல்லை, நாற்காலிக்காகத்தான் தயங்குகிறேன் என்று எனக்கே புரிந்தது. அன்று மதியமே அனுப்பினேன். நிறுவனத்துக்கு ஒன்று, அறிக்கையை வெளியிட்ட ஆய்விதழுக்கு ஒன்று. ஒன்பது வீடுகள், ஐந்து பணியாளர்கள், நான் அறிந்த தேதி, மறைத்த விதம், காயப் படிவம், எல்லாம்.

கூட்ட அறையில் ஆறு பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரை நான்தான் வேலைக்கு எடுத்தேன். யாரும் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். ஒருவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். எனக்கு அடுத்த பொறுப்பில் இருக்கும் பெண், இருபத்தைந்து வயதில் என்னிடம் வந்து சேர்ந்தவள், ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மேடம், முதல் வாரம் எங்களுக்கெல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்தது என்ன? வீட்டுல நடந்ததை நடந்தபடி எழுதுன்னு. அதைச் சொல்லும்போது உங்களுக்கு இது ஞாபகம் வரலையா?" ஒவ்வொரு முறையும் வந்தது என்றேன். அவள் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை.

அந்த ஒன்பது வீடுகளையும் எடுத்துவிட்டு அவளே மறுபடி கணக்கிட்டாள். முடிவு மாறவில்லை அக்கா. எங்கேயோ ஒரு தசமப் புள்ளி நகர்ந்தது. திட்டம் நல்லதுதான், அன்றும் நல்லதுதான். அன்றே எழுதிக் கொடுத்திருந்தால் யாராவது சிலர் முகம் சுளித்திருப்பார்கள், நீ வேலையில் இருந்திருப்பாய், அந்த வீட்டுக்கு யாராவது போயிருப்பார்கள். இல்லாத ஒரு பேயைக் கண்டு பயந்து இத்தனையும் செய்திருக்கிறேன்.

ஆய்வு இனி அவள் பொறுப்பில். என் அறையை மே மாத முடிவில் காலி செய்ய வேண்டும். விசாரணை தனியாக நடக்கும். பத்திரிகையில் வரலாம், வந்தால் அத்தானிடம் நீ முன்கூட்டியே சொல்லிவிடு.

நீ போவாய் அல்லவா? படிவம் வேண்டாம். அது இனி என் வேலையும் இல்லை. ஆனால் நானும் அந்தத் தாயைப் பார்க்க வேண்டும். அவர் சம்மதித்தால் மட்டும்.

தங்கை


மே 20

பொடிசு,

போயிட்டு வந்தேன். உட்கார்ந்து படி.

ஒரு சலவைக் கடையில இஸ்திரி போடறா. முன்னாடி கடை, பின்னாடி ரெண்டு ரூம் வீடு. நான் போனப்போ வெள்ளைக் கோட்டு ஒண்ணைத் தேய்ச்சுக்கிட்டிருந்தா. தலை தூக்கிப் பார்த்தா, திரும்பக் குனிஞ்சுக்கிட்டா. கோட்டு முடியற வரைக்கும் நான் வாசல்ல நின்னேன். கோட்டுக் கை ரெண்டையும் தேய்ச்சு, காலரை மடிச்சு, மாட்டிட்டுத்தான் பேசினா. "ஊசி போட வந்தீங்களா?"ன்னு கேட்டா.

எல்லாத்தையும் சொன்னேன். குலுக்கல், பட்டியல், நோட்டு, உன் உத்தரவு, நான் வீட்டுல உட்கார்ந்திருந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வச்சா. அப்புறம் கேட்டா, "அப்போ நான் சொன்னதால இல்லையா?"

உனக்கு எழுத மாட்டேன்னு வச்சிருந்ததை எழுதறேன். கடைசிப் புதன்கிழமை, பிள்ளை என் தோள்ல தூங்கிட்டிருந்தப்போ அவ சொன்னா, "இதைப் பார்த்தா எனக்கு ஒண்ணுமே தோணலை. யாராவது தூக்கிட்டுப் போனாக் கூட அழுவேனான்னு தெரியலை." எத்தனையோ தாய்மாருங்க பிரசவத்துக்கப்புறம் அப்படித்தான் இருட்டுல கிடப்பாங்க, அது வாய்விட்டு வெளிய வந்துட்டாப் பாதி தேறின மாதிரின்னு எனக்குத் தெரியும். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு, "அடுத்த புதன்கிழமை இதைப் பத்தி நிறையப் பேசலாம்"னு சொல்லிட்டு இறங்கினேன். அதை நோட்டுல கூட எழுதலை. திங்கட்கிழமை நீ கூப்பிட்டே.

அவ என்ன நினைச்சிருக்கான்னு கேளு. அப்படி ஒரு வார்த்தை சொன்னதால அருவருத்துப்போய் நான் வராம நின்னுட்டேன்னு. ஆறு வாரம் கழிச்சுப் பிள்ளைக்குத் தண்ணி கொட்டி ஆஸ்பத்திரியில அதிகாரிங்க வந்து நின்னப்போ, நான்தான் போய் அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்துட்டேன், அதான் வந்திருக்காங்கன்னு. வாயைத் திறந்தா இன்னும் மாட்டிக்குவோம்னு அவங்க கேட்ட எதுக்கும் பதில் சொல்லலை. தாய் ஒத்துழைக்க மறுக்கிறாள்னு எழுதிப் பிள்ளையைக் கொண்டு போயிட்டாங்க. பதினாலு மாசம். காப்பகத்துல வாரம் ஒரு மணி நேரம் பார்க்க விடுவாங்களாம். தூக்கிட்டுப் போனா அழுவேனான்னு தெரியலைன்னு சொன்னவ, அந்தப் பதினாலு மாசமும் என்ன பண்ணினான்னு அவ சொல்லலை. நானும் கேட்கலை.

அதுக்கப்புறம் மனசுல இருக்கறதை யார்கிட்டயும் சொன்னது இல்லையாம். வீட்டுக்காரன்கிட்டயும் இல்லை, அவன் போனப்பவும் இல்லை. "சொன்னா என்ன ஆகும்னுதான் தெரியுமே"ன்னா.

நீயும் நானும் சேர்ந்து ஒரு பொண்ணோட வாயைப் பதினஞ்சு வருஷம் அடைச்சு வச்சிருந்திருக்கோம் பொடிசு. தண்ணி கொட்டினதை விட இதுதான் எனக்குப் பெரிசாத் தெரியுது.

வாசல் வரைக்கும் வந்தப்போ உன்னைப் பத்திக் கேட்டேன். "வரட்டும். ஞாயித்துக்கிழமை கடை கிடையாது"ன்னா. முகவரி இந்தத் தாளுக்குப் பின்னாடி இருக்கு. அவ சம்மதத்தோட எழுதியிருக்கேன். தனியாப் போ. என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு வராதே.

அக்கா


ஜூன் 12

அக்கா,

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். முடித்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

முதல் நாள் மன்னிப்புக் கேட்டேன். பேருந்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வாக்கியங்கள் எல்லாம் அந்தச் சின்ன அறையில் மேடைப் பேச்சு மாதிரிக் கேட்டன. பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் சொன்னார், "மன்னிக்கிறதைப் பத்தியெல்லாம் எனக்கு இப்போ யோசிக்கத் தெரியலை. நீங்க எழுதற வேலைதானே பார்த்தீங்க? நடந்ததை எழுதிக் கொடுங்க. ரெண்டு பிரதி. ஒண்ணு அந்தக் காப்பகத்து ஃபைலுக்கு. அதுல நான் ஒத்துழைக்கலைன்னு இன்னும் இருக்கு. ஒண்ணு என் பொண்ணுக்கு." மகளிடம் இதுவரை, சின்ன வயதில் உடம்பு சரியில்லாமல் ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாய் என்றுதான் சொல்லியிருக்கிறாராம்.

ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம். நேர்மையாக எழுதியதாகத்தான் நினைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரிவரியாக வைத்துப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. "ஆய்வின் விதிகளை முன்னிட்டு வருகைகள் நிறுத்தப்பட்டன" என்று இருந்தது. "யார் நிறுத்தினாங்க?" என்று கேட்டார். நான் என்றேன். "அது இதுல இல்லையே" என்றார். அடுத்த பக்கத்தில் "காரணம் தெரிவிக்கப்படவில்லை", "படிவம் பதிவு செய்யப்பட்டது". ஒவ்வொன்றிலும் விரலை வைத்து யார், யார் என்று கேட்டுக்கொண்டே போனார். கோபமாக இல்லை, சட்டையில் விட்டுப்போன சுருக்கத்தைக் காட்டுவது மாதிரி. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அக்கா, முப்பது வருடமாக இப்படித்தான் எழுதியிருக்கிறேன். தேர்ந்தெடுக்கப்பட்டன, ஒப்பிடப்பட்டன, நீக்கப்பட்டன. என் எழுத்தில் ஆளே கிடையாது. எல்லாம் தானாக நடந்தது போல இருக்கும். அதுதான் முறை என்று சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் கற்றும் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாவது ஞாயிறு கொண்டுபோனது ஒன்றரைப் பக்கம்தான். "நான் நிறுத்தினேன். காரணம் சொல்லக் கூடாது என்று நான் உத்தரவு போட்டேன். குழந்தைக்குக் காயம் பட்டது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தாய் ஒத்துழைக்க மறுக்கவில்லை, பயந்து பேசாமல் இருந்தார். அவரிடம் பேசிக்கொண்டிருந்த ஒரே ஆளை நான் எடுத்துவிட்டேன்." அவர் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார்.

நெடுநெடுவென்று இருக்கிறாள். கையில் ஸ்க்ரூ டிரைவர். கடையில் கெட்டுப்போன இஸ்திரிப் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தாளாம். நின்றுகொண்டே படித்தாள். நானும் எழுந்து நின்றேன். உட்கார்ந்திருக்க முடியவில்லை. படித்துவிட்டு என்னிடம் கேட்டாள், "நான் எந்தப் பட்டியல்ல இருந்தேன்?"

வருகை இல்லாத பட்டியல் என்றேன்.

"ஆனா வந்தாங்களே."

"ஆமாம்."

"அப்போ உங்க பட்டியல் தப்பு."

"ஆமாம்" என்றேன்.

அவள் அம்மா பக்கம் திரும்பி, "அந்தப் பதினாலு மாசமும் வாரா வாரம் வந்தியா?" என்றாள். அவர் தலையாட்டினார். "ஒரு வாரம் கூட விடலையா?" விடவில்லை என்றார். அதற்கு மேல் அங்கே இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டேன். தெருமுனை வரை நடந்த பிறகுதான் பையை அங்கேயே வைத்துவிட்டது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை.

தங்கை


ஜூன் 19

பொடிசு,

உன் பையை அந்தப் பொண்ணு கிளினிக்குல கொண்டுவந்து கொடுத்துட்டுப் போனா. உள்ள ஒரு குடை, பாதி தின்ன பிஸ்கட்டு. இவ்வளவு படிச்சும் நீ பிஸ்கட்டை மூடி வைக்கக் கத்துக்கலை.

பையோட அவ அம்மா ஒரு சேதியும் சொல்லி அனுப்பியிருக்கா. "உங்க தங்கச்சி எழுதிட்டாங்க. நீங்க எப்போ எழுதித் தரப் போறீங்க?"

எனக்குச் சுரீர்னுச்சு. உன்னைக் கொண்டுபோய் நிறுத்தினதோட என் வேலை முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன். நீ மூணு ஞாயிறு அங்க வேர்த்துக்கிட்டு நின்னப்போ நான் இங்க அத்தானுக்கு முட்டியில எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு, நல்லா படட்டும்னு கொஞ்சம் நினைச்சுக்கிட்டும் இருந்தேன்.

அஞ்சு நாளா எழுதறேன். உனக்கு நீளநீளமாக் கடுதாசி எழுதத் தெரிஞ்ச எனக்கு இது வரலை. முதல்ல "என் தங்கை உத்தரவு போட்டதால்"னு ஆரம்பிச்சேன். கிழிச்சேன். "வேலை போன வருத்தத்தில்"னு ஆரம்பிச்சேன். அதையும் கிழிச்சேன். நேத்து சாயங்காலம் கிளினிக்கைப் பூட்டறதுக்கு முன்னாடி ஒரு வரி எழுதினேன். அது நிக்கும்னு தோணுது.

"ரெண்டு பஸ் நிறுத்தம்தான். நான் போகலை."

மீதியை எழுத நீ வந்து பக்கத்துல உட்காரு. வர்ற சனிக்கிழமை வா. நான் சொல்லச் சொல்ல எழுதறதுக்கு இல்லை. நான் எங்கயாவது நழுவினா, யாருன்னு கேட்கறதுக்கு.

அக்கா